1275 மினி: கிராங்கை 84க்கு இழுக்கவா, 81லயே விடவா? ரொட் நீளம் என்ன?

டிக்கோயா மினிக்காரன் கேட்டது:

வணக்கம் அண்ணமாரே. டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில நான் எலக்ட்ரீசியன். எஞ்சின் வேலை எனக்குத் தொழில் இல்ல, கிறுக்கு. மூனு வருஷத்துக்கு முந்தி 998 சிசி மினி கார் ஒன்னு வாங்கினேன், எஞ்சின் செத்துப் போன வண்டி. போன வருஷம் கொழும்புல கழற்றி வச்சிருந்த 1275 ஏ-பிளஸ் எஞ்சின் ஒன்னு கிடைச்சிச்சு. தேயிலை ஏத்திக்கிட்டுப் போன லொறி வெறுமனே திரும்பி வர்றப்ப அதுல போட்டுக் கொண்டு வந்து சேர்த்தாச்சு.

அடுத்த ஏப்ரல்ல ரதல்ல ஹில் கிளைம்புக்கு (மலை ஏறுற கார் ரேஸ்) பேர் குடுக்கணும், கை கூடினா மாகஸ்தோட்டையும். வார நாள்ல வேலைக்குப் போறதும் இதே வண்டிதான்.

எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்தேன். கிராங்குல (பிஸ்டன் ஏறி இறங்குறதைச் சுழற்சியா மாத்துற தண்டு) ரொட் மாட்டுற நாலு ஜர்னல்ல (உருண்டை இடங்கள்ல) மூனாவதுல கோடு விழுந்திருக்கு, நகத்தால தடவினா மாட்டுது. மத்த மூனும் மைக்ரோமீட்டர்ல 44.45 மி.மீ. காட்டுது, அதாவது அசல் ஒன்னே முக்கால் அங்குலம். எப்படியும் கிராங்கை அரைக்கக் குடுக்கத்தான் வேணும். அதனாலதான் இந்தக் கேள்வி.

அரைக்கிறதுதான் அரைக்கிறோம், ஜர்னல் மையத்தைக் கொஞ்சம் வெளிய தள்ளி அரைச்சா ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 81.28ல இருந்து 84.46 ஆகும்னு படிச்சேன். ஜர்னல் 1.625 அங்குலமாச் சிறுக்கும், கூட வர்ற சிசி ஓசியில கிடைக்கும். ஆனா ஸ்ட்ரோக் கூடினா ரொட் விகிதம் கெட்டுப் போகும்கிறாங்க. இப்ப ரொட் நீளம் 146.05ஐ ஸ்ட்ரோக் 81.28ஆல வகுத்தா 1.80 வருது, 84.46 ஆக்கினா 1.73. அதைச் சரிக்கட்ட 6 அங்குல ரொட் போடுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இன்னொருத்தர் ஸ்ட்ரோக்கைக் குறைச்சு ரெவ்வை (எஞ்சின் சுத்துற வேகத்தை) கூட்டுன்னு சொல்றார். படிக்கப் படிக்கத் தலை சுத்துது.

கிராங் சாக்குல சுத்தி கட்டிலுக்கு அடியில கிடக்கு. அம்மா தினமும் கால் இடறி என்னைத் திட்டுறா. சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க.


பண்டாரவளை விடெக் எழுதியது:

மச்சான், ரொட் விகிதம் 1.7க்குக் கீழ போற எஞ்சினைத் தொடாத. என்னோடது சிவிக், பி16ஏ. ஸ்ட்ரோக் 77.4, ரொட் 134, விகிதம் 1.73. அதனாலதான் நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்துக்கு நோகாமப் போகுது. குட்டை ரொட்ன்னா பிஸ்டன் சிலிண்டர் சுவத்துல சாய்ஞ்சு தேய்க்கும், டொப்ல (பிஸ்டன் ஏறி நிக்கிற உச்சியில) நிக்காமக் கீழ ஓடிடும். நீளமான ரொட் போடு, ஸ்ட்ரோக்கைத் தொடாத. முடிஞ்சாக் குறைச்சிடு. ரேஸ்ல ஜெயிக்கிறது ரெவ்தான்.


லேத் பாஸ் எழுதியது:

தம்பி, நான் தலவாக்கலைப் பக்கம் லேத்தும் கிராங் கிரைண்டரும் வச்சிருக்கிற ஆள். கிராங் அரைக்கத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பெக்டரி ரோலர் ஷாப்ட்டுல இருந்து ரேஸ் வண்டி வரைக்கும் கைக்கு வந்ததெல்லாம் அரைச்சிருக்கேன். நீ கேட்டதுல பாதி கேள்வி தேவையில்லாதது. தேவையான ஒன்னை நீ கேட்கவே இல்ல. வரிசையா வர்றேன்.

முதல்ல உன் ரொட் கவலையைத் தீர்த்து விடுறேன், அதுதான் சுலபம். 146.05 ரொட்டுக்குப் பதிலா 6 அங்குலம், 152.4 மி.மீ. போட்டா என்ன நடக்கும்? கிராங்கை டொப்ல இருந்து சரியாக் கால் சுத்து, 90 பாகை திருப்பு. உன் இப்போதைய ரொட்ல பிஸ்டன் 46.4 மி.மீ. இறங்கியிருக்கும். நீள ரொட்ல 46.2. கால் மில்லிமீட்டர் வித்தியாசம். இதுக்காகவா பிஸ்டன்ல பின் ஓட்டையை 6.35 மி.மீ. மேல ஏத்தி, ஒயில் ரிங் காடியையே வெட்டுற அளவுக்குக் கொண்டு போகப் போற?

இழுவையையும் கணக்குப் பார்ப்போம். பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து 400 கிராம்னு வை. 7500ல, எக்ஸோஸ்ட் அடிச்சு முடிஞ்சு மேல அமுக்கக் காஸ் அழுத்தம் இல்லாத அந்த டொப்ல, பிஸ்டன் ரொட்டை இழுக்கிற இழுவை சுமார் 1300 கிலோ. ஒரு மினியே 650 கிலோ அளவுதான். அப்ப ஒவ்வொரு ரொட்லயும் ரெண்டு மினி தொங்குது, வினாடிக்கு அறுபது தரத்துக்கு மேல. ரொட்டை 6 அங்குலமாக்கினா இதுல குறையிறது 12 கிலோ. நூத்துக்கு ஒன்னு கூட இல்ல.

அதே 12 கிலோவை வேற வழியிலயும் குறைக்கலாம். பிஸ்டன்ல 4 கிராம் குறைச்சாப் போதும். நாலு கிராம்னா அரைப் பவுன். ஹட்டன்ல தெரிஞ்ச நகைக் கடை இருந்தா, கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்துப் போய் நாலு பிஸ்டனையும் அவங்க தராசுல வை. எது கனமோ அதோட பின்னுக்கு உள்பக்கம் கடைசல்ல கொஞ்சம் எடு, நாலையும் ஒரே எடைக்குக் கொண்டு வா. நான் இப்படித்தான் செய்வேன். முதல் தடவை போனப்ப அந்தக் கடைக்கார ஐயா "இது எத்தனை கரட்"னு கேட்டார்.

பண்டாரவளைத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. உங்க ஹொண்டாக்காரனே இதைச் செஞ்சு காட்டிட்டான். இன்டெக்ரா டைப் ஆர்ல வந்த பி18சி: ஸ்ட்ரோக் 87.2, ரொட் 138, விகிதம் 1.58. சிவிக் டைப் ஆர்ல வந்த பி16பி: அதே உயரப் பிளொக், ஸ்ட்ரோக் 77.4, ரொட் 142.4, விகிதம் 1.84. நீங்க "தொடாத"ன்னு சொன்ன 1.58 எஞ்சின் ஜப்பான்ல 200 குதிரை, 8000ல. அழகான விகிதம் உள்ளது 185 குதிரை, 8200ல. ரெண்டும் நீண்ட நாள் உழைக்குது. வித்தியாசம் சிசி, அவ்வளவுதான். ரொட் விகிதம்கிறது பிளொக் உயரம், ஸ்ட்ரோக், பிஸ்டன் மூனும் முடிவான பிறகு மிஞ்சுற எண். நாம தெரிவு செய்ற எண் இல்ல.

சிலிண்டர் சுவத்துல சாயுறதைப் பத்திச் சொன்னீங்க, அது பொய் இல்ல. 81.28ல ரொட் அதிகபட்சம் 16.2 பாகை சாயும், 84.46ல 16.8. வருஷக் கணக்குல ஓடுற லொறிக்கு அதைப் பார்க்கலாம். ரேஸ் நேரத்துக்கு நான் பார்க்க மாட்டேன்.

இப்ப ஸ்ட்ரோக். இதுக்குத்தான் கவலைப்படணும். 84.46 ஆக்கினா அதே 7500ல இழுவை 1370 கிலோ. 60 கிலோ கூட. இன்னொரு மாதிரிச் சொன்னா, இப்ப 7500ல கிராங் படுற பாட்டை 84.46ல 7325லயே படும். சராசரி பிஸ்டன் வேகம், அதாவது ஸ்ட்ரோக்கை ரெண்டால பெருக்கி வினாடிக்குச் சுத்தால பெருக்கினா வர்றது, 20.3 மீட்டர்ல இருந்து 21.1 ஆகும். ஹொண்டா 23க்கும் போறான். ஆனா அவனுக்குக் கிராங்கைத் தாங்குற மெயின் பெயரிங் அஞ்சு. நம்ம ஏ சீரிஸ்க்கு மூனே மூனு. 1951ல ஒஸ்டின் ஏ30க்கு 803 சிசியாப் பிறந்த எஞ்சின் இது, தம்பி. 1275 வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்தாங்க, மெயின் மூனோடயே நின்னுடுச்சு. ரெண்டு மெயினுக்கு நடுவுல ரெண்டு பிஸ்டன் அடிக்குது. ரெவ் ஏற ஏற கிராங் சாட்டை மாதிரி வளையும். அதனால ரெவ்வைக் கூட்டுங்கிற யோசனையை விட்டுடு. அஞ்சு துவார ஹெட் வேற. நாலு சிலிண்டருக்கு ரெண்டே ரெண்டு இன்டேக் வாய், பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் ரெண்டும் ஒரே மூக்கால மூச்சு வாங்குது. 7000க்கு மேல என்னதான் மிதிச்சாலும் சத்தம்தான் கூடும்.

அப்ப ஸ்ட்ரோக்கைக் கூட்டி எஞ்சின் இழுவையை (டோர்க்கை) வாங்கலாமேன்னு நீ கேட்பே. கேட்க வேண்டியதுதான். ஹில் கிளைம்புக்கு அடி இழுவைதான் வேணும். நின்ன இடத்துல இருந்து கிளம்பி, கொண்டைக்குக் கொண்டை ரெண்டாவது கியர்ல இழுத்துப் போற ஆட்டம்தானே. ஆனா 84.46 உனக்குத் தர்றது சிசியில நூத்துக்கு நாலு கூட இல்ல. இப்ப உன் கியர் பொக்ஸ்ல இருக்கிற பைனல் டிரைவ் (சக்கரத்துக்குப் போற கடைசிப் பல்லு விகிதம்) 3.44ஆ இருந்தா, அதை 3.76 ஆக்கு. சக்கரத்துல நூத்துக்கு ஒன்பது கூடும். கிராங்கைத் தொடாமலே ரெண்டு மடங்குக்கு மேல லாபம். கேட்க வேண்டிய கேள்வி அதுதான், நீ கேட்கல. இதுக்கு விலையும் உண்டு: அவிசாவளை ரோட்டுல எஞ்சின் கூவிக்கிட்டுத்தான் போகும், காதைப் பொத்திக்க.

சிசி எல்லையையும் பார். உன் வகுப்பு 1300க்கு உள்ளன்னா, அசல் ஸ்ட்ரோக்ல சிலிண்டரை 20 தௌ (ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒன்னு) ஓவர்சைஸ் போர் அடிச்சா 1293. சரியா எல்லைக்குள்ள நிக்கும். அசல் போர்லயே ஸ்ட்ரோக்கை 84.46 ஆக்கினா 1323, எல்லை தாண்டியாச்சு. அப்புறம் உன்னைவிடப் பெரிய எஞ்சின்காரனோட மல்லுக்கு நிக்கணும். கிராங்கை வெட்டுறதுக்கு முந்தி அந்த வருஷத்து விதிப் புத்தகத்தை வாங்கிப் படி. மினி செஞ்ச பிஎம்சிக்காரன் மினி கூப்பர் எஸ்க்கு என்ன செஞ்சான்னு பார்: 970, 1071, 1275, மூனுக்கும் ஒரே போர், மூனுக்கும் ஒரே 146.05 ரொட். ஸ்ட்ரோக் மட்டும் 61.91, 68.26, 81.28. எந்தப் போட்டிக்கு எந்த எல்லையோ அதுக்கு ஏத்த ஸ்ட்ரோக். ரொட் விகிதத்தை எவனும் அளந்து பார்த்ததாத் தெரியல. 1964ல மொன்டே கார்லோ ரலியை ஜெயிச்சது 1071. 65லயும் 67லயும் 1275. அதுவும் மலை ரோடுதான், பனி வேற.

இன்னொன்னு. ஸ்ட்ரோக் 3.18 கூடினா பிஸ்டன் டொப்ல 1.59 மி.மீ. உயர வந்து நிக்கும். பிஸ்டன் தலையைச் சீவணும், இல்லன்னா பின் உயரம் குறைஞ்ச பிஸ்டன் தேடணும். சீவுறதுன்னா மேல் ரிங்குக்கு மேல எவ்வளவு அலுமினியம் இருக்குன்னு அளந்துட்டுச் சீவு. கொம்பிரஷனும் தானா ஏறும். 9.75 இருந்தது 10.1 பக்கம் போயிடும். நுவரெலியாவுல 1868 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல நூத்துக்கு எண்பதுதான், அதனால அங்க ஒன்னும் தெரியாது. 92 பெட்ரோல் அடிச்சும் ஓட்டலாம் போல இருக்கும். அதே டியூனோட கொழும்புக்கு இறங்கினா கித்துல்கலைக்குக் கீழயே எஞ்சின் கல்லு குலுக்கின தகரம் மாதிரிச் சத்தம் போட ஆரம்பிக்கும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இது என் தப்பு, அதனால நீட்டித்தான் சொல்வேன்.

தொண்ணூறுகள்ல ஒரு சிநேகிதன் இதே 1275 கிராங்கைக் கொண்டு வந்தான். இதே 84 ஆசை. நான் அப்ப இளவட்டம், முடியாதுன்னு சொல்லத் தெரியாது. மையத்தைத் தள்ளிக் கட்டி, நாலு ஜர்னலையும் 1.625க்கு அரைச்சேன். அளவு தங்கம் மாதிரி வந்திச்சு, நாலுக்கும் கால் தௌ வித்தியாசம் இல்ல. ஆனா அரைக்கிற கல்லை டைமண்டால சீவுறப்ப ஓரத்தைச் சதுரமா விட்டுட்டேன். ஜர்னலும் பக்கத்து வெப்பும் (கிராங்கோட தட்டுக் கை) சேர்ற மூலையில ஒரு வளைவு இருக்கணும், அது போய் கத்தி வச்சு வெட்டின மாதிரி ஒரு மூலை நின்னிச்சு. பார்க்க அழகாத்தான் இருந்திச்சு. பெயரிங் ஷெல் போட்டாச்சு, எஞ்சின் ஓடிச்சு, நல்ல இழுவை. அவன் எனக்குச் சாராயம் வாங்கிக் குடுத்தான்.

நாலு மாசம் போயிருக்கும். ரேஸ்லயும் இல்ல, ஒரு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஹட்டன்ல இருந்து வர்றான். சென்கிளயர் நீர்வீழ்ச்சி தெரியிற வளைவுல ஒரு "டொக்". எஞ்சின் நிக்கல. அதான் பயங்கரம், நிக்காம ஆடிக்கிட்டே ஓடியிருக்கு. இழுத்துக்கிட்டு வந்து பிரிச்சோம். மூனாவது ஜர்னல் வெப்போட சேர்ற இடத்துல கிராங் ரெண்டு துண்டு. முறிஞ்ச முகத்தை மண்ணெண்ணெயில கழுவி வெளிச்சத்துல பிடிச்சேன். மூலையில ஒரு புள்ளி. அங்க இருந்து பிறை பிறையா வளையம், குளத்துல கல்லுப் போட்ட மாதிரி, வழுவழுன்னு. முக்கால்வாசிக்கு அப்படிப் போய், மிச்சம் கால்வாசி மட்டும் சீனி உடைச்ச மாதிரிப் பொறுபொறுன்னு இருந்திச்சு. வழுவழுப்பு எல்லாம் நாலு மாசமா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக் கிழிஞ்சது. பொறுபொறுப்பு அந்த ஞாயித்துக்கிழமை முறிஞ்சது. புள்ளி தொடங்கின இடம் என் கல்லு விட்ட மூலை.

எஞ்சின் செலவை நானே ஏத்துக்கிட்டேன். சிநேகிதன் ஒன்னும் சொல்லல. அவன் சம்சாரம் மட்டும் ரெண்டு வருஷம் என் முகத்தைப் பார்க்கல. அந்தத் துண்டு இன்னும் கிரைண்டர் பக்கத்துல இருக்கு. எவனாவது வந்து "பாஸ், வளைவெல்லாம் வேணாம், பொழுதோட முடிச்சுக் குடுங்க"ன்னா, முதல்ல அதைக் கையில குடுப்பேன்.

அதனால யார்கிட்ட அரைக்கக் குடுத்தாலும் இதைக் கேள்: மூலை வளைவு அசல் அளவுக்குக் குறையாம வருமா? ஒயில் ஓட்டை வாயைத் திரும்ப மழுக்கி விடுவீங்களா? அரைச்சா மேல் தோலோட கெட்டித்தன்மை போயிடும், திரும்ப நைட்ரைட் பண்ண (நைட்ரஜன் ஏத்தித் தோலைக் கெட்டியாக்க) வழி இருக்கா? 1.625க்கு ஏத்த ரொட்டும் ஷெல்லும் முதல்ல கையில வந்துட்டுதா? இதுல எதுக்காவது "பார்ப்போம்"னு பதில் வந்தா கிராங்கைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போ.

உன் கிராங்ல இன்னொரு சிக்கல் இருக்கு. மையத்தைத் தள்ளுறப்ப ஜர்னலோட வெளி விளிம்பைத் தொடாம விட்டாத்தான் முழு 84.46 வரும். உனக்கு அங்கயும் கோடு விழுந்திருந்தா அந்தக் கோடு போற ஆழத்துக்கு விளிம்பையும் எடுக்கணும். 10 தௌ ஆழம்னா 83.95தான் மிஞ்சும். ஒன்னுல 83.95ன்னா நாலுலயும் 83.95தான். ஓசிச் சிசின்னு சொன்னியே, அது இப்படித்தான் கரையும்.

என் தீர்ப்பு: 81.28லயே விடு. கோடு போற அளவுக்கு மட்டும் அண்டர்சைஸ் (அசலைவிடச் சின்னதா) அரை. அசல் ரொட்டை வச்சுக்க, ரொட் போல்ட்டை மட்டும் புதுசு போடு. பிஸ்டன் எடையைச் சரி பண்ணு. மிச்சக் காசை ஹெட்லயும் பைனல் டிரைவ்லயும் போடு. 7000ல கையை எடு.

இது எல்லாத்துக்கும் முந்தி கிராங்கை வெடிப்புப் பார். செலவே இல்ல. கயித்துல தொங்க விட்டுச் சுத்தியலால மெல்லத் தட்டு, மணி மாதிரி நீண்டு கேட்கணும், ஓட்டைச் சட்டி மாதிரி அமுங்கக் கூடாது. அப்புறம் ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில ஊற வை. காலையில நல்லாத் துடைச்சு, பள்ளிக்கூடச் சோக்கை இடிச்சுத் தூள் தூவி ஒரு மணி நேரம் விடு. வெடிப்பு இருந்தா உள்ள போன எண்ணெய் கசிஞ்சு தூள்ல கோடு போடும். கோடு விழுந்த ஜர்னல்ன்னா ஒரு காலத்துல சூடேறியிருக்கு. சூடேறின இடத்துல எனக்கு எப்பவும் சந்தேகம்.


பண்டாரவளை விடெக் எழுதியது:

பாஸ், 185 - 200 கணக்கு சரிதான், இப்பத் தேடிப் பார்த்தேன். ஆனா டைப் ஆர்ல பிஸ்டன், போல்ட், ஹெட் எல்லாமே ஸ்பெஷல்தானே? ரொட் விகிதம் மட்டும் வச்சு ஒப்பிட முடியுமா?


லேத் பாஸ் எழுதியது:

நான் சொன்னதும் அதுதானே தம்பி. ஸ்பெஷல் எல்லாம் இருந்ததாலதான் 1.58 தாங்கிச்சு. ஸ்பெஷல் இல்லாத இடத்துல 1.84 இருந்தாலும் தாங்காது.


கொட்டகலைப் பைக் எழுதியது:

பாஸ், குறுக்கே பேசுறேன்னு கோவிக்காதீங்க. பைக்குக்கும் இதே கணக்குதானா? ஒத்தைச் சிலிண்டர்ல கிராங் பின்னை மையம் தள்ளிப் போட்டு ஸ்ட்ரோக் கூட்டித் தர்றேன்னு ஒரு ஆள் சொல்றார்.


லேத் பாஸ் எழுதியது:

கணக்கு அதே. வேலை வேற. அது அழுத்திச் சேர்த்த கிராங், பின்னை அடிச்சு எடுத்துத் திரும்ப அழுத்துறப்ப ரெண்டு தட்டும் நேராச் சுத்துதான்னு டயல் வச்சுப் பார்க்கிற ஆளா இருந்தாக் குடு. அடிப் பிளேட் போட்டு சிலிண்டரை உயர்த்தப் போறாரா, பிஸ்டனைச் சீவப் போறாரான்னும் கேள். ரெண்டும் இல்லன்னு சொன்னா அவருக்கு ஸ்ட்ரோக்ன்னா என்னன்னே தெரியல.


டிக்கோயா மினிக்காரன் எழுதியது:

பாஸ், ரொம்ப நன்றி. ராத்திரி உங்க பதிலை மூனு தரம் படிச்சேன். பைனல் டிரைவ்ல பல்லு எண்ணினேன், 3.44தான். 3.76 செட் ஒன்னு வெலிமடையில பழைய மினி உதிரி வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட இருக்காம், சனிக்கிழமை பார்க்கப் போறேன். வகுப்பு விதியைக் கேட்டுச் சொல்ல ஒருத்தர்கிட்டப் பொறுப்புக் குடுத்திருக்கேன்.

கிராங்கை நீங்க சொன்னபடி பார்த்தேன். லயத்து வாசல்ல மாங்கொப்புல கட்டித் தொங்க விட்டுத் தட்டினேன், நல்லாத்தான் மணி மாதிரிக் கேட்டிச்சு. சந்தோஷமாப் போச்சு. தங்கச்சியோட பள்ளிக்கூடச் சோக்கை இடிச்சுத் தூவிட்டு வேலைக்குப் போயிட்டேன். பகல் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தா, மூனாவது ஜர்னல், நீங்க சந்தேகப்பட்ட அதே இடம், மூலையை ஒட்டி ஒரு கோடு. மயிர் தடிப்புத்தான். என் கட்டை விரல் அகலத்துக்கு நீளம். துடைச்சிட்டுத் திரும்பத் தூவினேன். திரும்ப அதே இடத்துல அதே கோடு.

அரைக்க எடுத்தா போயிடுமா பாஸ்?


லேத் பாஸ் எழுதியது:

போகாது. நீ பார்த்தது வாய். உள்ள எவ்வளவுன்னு எவனுக்கும் தெரியாது. அதை அரைக்கவே மாட்டேன், எத்தனை காசு குடுத்தாலும்.

மனசு விட்டுடாத. என் பெஞ்சுக்கு அடியில 1275 கிராங் ஒன்னு கிடக்கு, 20 தௌ அண்டர்சைஸ், 81.28, மூலை வளைவு அசல். நான் சோக்குப் போட்டுப் பார்த்தது. ஆனாலும் உன் முன்னாலயே இன்னொரு தரம் போடுவோம், என் பேச்சை நம்பாத.

ஞாயித்துக்கிழமை காலையில வா. ரொட் நாலையும் கொண்டு வா. கழற்றுறப்ப எந்த மூடி எந்த ரொட்டோடன்னு நம்பர் குத்தினியா? குத்தலன்னா வர்றதுக்கு முந்தி சொல்லு, அதைத்தான் முதல்ல பார்க்கணும். பழைய ஷெல்லையும் எறியாமக் கொண்டு வா. மூனாவது ஏன் சூடேறிச்சுன்னு அதுதான் சொல்லும்.

வெடிச்ச கிராங்கைக் கட்டிலுக்கு அடியில இருந்து எடுத்துடு. அம்மா பாவம்.